பிராசசரை மாற்றலாமா... பொறுக்கலாமா?

(மூன்றாமாண்டு இ.இ.இ. மாணவன், செய்யூர்)



ஆண்டு மலர் என்றால் அணுசக்தி பற்றி எழுதுவார்கள், அப்துல் கலாம் பற்றி எழுதுவார்கள், தைரியம் உள்ளவர்கள் காதல் கவிதை எழுதுவார்கள். இவன் என்னடா கேம் ஆடுற கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்துட்டான் என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்த வருஷம் நம் கேன்டீனில் அதிகமாக அடிபட்ட கேள்வி எது? அரியர் எப்போ கிளியர் ஆகும் என்பதற்கு அடுத்தபடியாக, "மச்சி, பிராசசரை மாத்திடலாமா?" என்பதுதான்! கேட்கிறவனும் பதில் சொல்கிறவனும் இரண்டு பேருமே யூடியூப் பார்த்துப் பேசுகிறார்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். "இது நல்லதா, வாங்கலாமா?" என்று கேட்க வீட்டில் ஒரு அண்ணனோ மாமாவோ கிடையாது. கடைக்காரர் சொல்வதே வேதம். அதனால்தான் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் மிஷின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது மூன்று பேர் பங்கு. நான், மெக்கானிக்கல் நண்பன் ஒருத்தன், கம்ப்யூட்டர் பிரிவு நண்பன் ஒருத்தன். 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கோவையில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எங்களுக்கு மாதம் 1000 ரூபாய் வந்தது. அதில் ஆளுக்கு 500 என்று ஒரு வருஷம் எடுத்து வைத்தோம். 18000 ரூபாய் சேர்ந்தது. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறிப் போய் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் செட் ஒன்று வாங்கி வந்தோம். உள்ளே இருப்பது ஏ.எம்.டி. ரைசன் 3 1200. 2017-ல் வந்த பிராசசர். நாலு கோர், நாலு த்ரெட். ஏ320 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஒரு ஸ்டிக், ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டு, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். பெரிய மிஷின் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில்தான் ஆட்டோகேட் ஓடுகிறது, அதில்தான் பிராஜக்ட் ரிப்போர்ட், அதில்தான் ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன், ராத்திரி ஒன்பதுக்கு மேல் கவுண்டர் ஸ்ட்ரைக்.

இப்போது அது திணறுகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-ல் எதிரி புகைக்குண்டு வீசினால் போதும், திரை ஒரு கணம் நின்று நின்று போகும். அதற்குள் நம்ம ஆள் சொர்க்கத்தில்! கம்ப்யூட்டர் பிரிவு நண்பன் சொல்வது: "மொத்த செட்டையும் மாத்தணும், இ.எம்.ஐ. போட்டுக்கலாம்." மெக்கானிக்கல் நண்பன் சொல்வது: "ஒண்ணும் மாத்த வேண்டாம், கேமைக் கொறைச்சுக்கலாம்." இந்த இரண்டுமே எனக்கு ஒப்புதல் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

நாம் பார்க்கிற வீடியோக்களில் ஒரு வரைபடம் காட்டுவார்கள். பழைய பிராசசருக்கு 110 பிரேம், புதுசுக்கு 190 பிரேம் என்று நீளமான பட்டை இருக்கும். பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தச் சோதனையை எதில் வைத்துச் செய்கிறார்கள் என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படித்தீர்களா? ஆர்.டி.எக்ஸ். 4090, 5090 மாதிரி சந்தையிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, திரையின் அளவை வேண்டுமென்றே குறைத்து வைத்துச் செய்வார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பிராசசரைச் சோதிக்க வேண்டும் என்றால் கிராபிக்ஸ் கார்டு தடையாக நிற்கக்கூடாது, அதனால் அப்படிச் செய்வதுதான் முறை. ஆனால் அந்தப் பட்டை சொல்வது பிராசசருக்கும் பிராசசருக்கும் உள்ள வித்தியாசம். 1650 கார்டு வைத்திருக்கிற என் மிஷினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

எங்கள் ஊர் உப்பளத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். பாத்தியில் உப்பை வாரிக் குவிக்கிறவர் ஒருத்தர். கூடையில் தூக்கி வரப்பில் கொண்டு போய்க் கொட்டுகிறவர் ஒருத்தர். கேமில் வாரிக் குவிக்கிற வேலை பிராசசருடையது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தப் பக்கம் போகிறது, கதவு திறந்திருக்கிறதா என்று கணக்குப் போட்டு, "இதை வரை" என்று உத்தரவு போடுவது அது. அதை வாங்கித் திரைக்குப் படமாக வரைந்து கொட்டுவது கிராபிக்ஸ் கார்டு. சுமக்கிறவர் மெதுவானவராக இருந்தால், வாருவதற்கு எத்தனை சுறுசுறுப்பான ஆளைக் கொண்டு வந்தாலும் பாத்தியில்தான் உப்பு குவியும், வரப்புக்குப் போகாது. அதே போல வாருகிறவர் அசந்து போனால் சுமக்கிறவர் கூடையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். நம் மிஷினில் யார் சும்மா நிற்கிறார் என்று பார்க்காமல் ஆளை மாற்றினால் கூலிதான் தண்டம்.

அதைப் பார்ப்பது எப்படி? ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. கேமின் செட்டிங்சில் 1080 என்று இருக்கிற ரெசல்யூஷனை 720-க்கு இறக்குங்கள். மற்ற எதையும் தொடாதீர்கள். அதே மேப், அதே இடம். பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் திணறியது. பாரம் குறைந்ததும் ஓடுகிறது. ஏறவே இல்லை என்றால் பிராசசர் பக்கம் (அல்லது ரேம் பக்கம்) கோளாறு. எங்கள் மிஷினில் செய்து பார்த்தோம். விட்சர் 3 கேமில் 46-லிருந்து 68-க்கு ஏறியது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-ல் 71-லிருந்து 74. அவ்வளவுதான். ஒரே மிஷின், இரண்டு கேம், இரண்டு பதில்! "உன் பிராசசர் நல்லதா கெட்டதா?" என்று யாராவது கேட்டால் "எந்த கேமுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து "பிராசசர் 40 சதவீதம்தான் ஓடுது, அதனால அது பிரச்சினை இல்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது எல்லா கோரும் சேர்ந்த சராசரி. நாலு கோரில் ஒன்று மட்டும் மூச்சு முட்டி நூறில் நின்று, மற்ற மூன்றும் தூங்கினால் சராசரி 25 என்றுதான் காட்டும். அந்தக் கிராபின் மேல் வலது கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்கள் என்று மாற்றினால் தனித்தனியாகத் தெரியும். ஆட்டோகேட் போடும்போது இதைக் கவனித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் ஒரே கோரை வைத்துத்தான் வேலை செய்யும். அதற்குப் பன்னிரண்டு கோர் வாங்கிப் பயனில்லை, ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே கணக்கு.

இன்னொன்றும் கேளுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நொடிக்கு 60 படம்தான் காட்டும், ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். பிராசசர் 150 பிரேம் கொடுத்தாலும் அதில் 60-க்கு மேல் அந்தத் திரை காட்டாது. அப்போ எங்கள் 71 பிரேம் போதுமே, ஏன் திணறல்? சராசரி 71. புகைக்குண்டு வீசும் நேரத்தில் 38-க்கு விழுகிறது. கண்ணுக்குத் தெரிவது அந்த விழுவதுதான். பரீட்சையில் சராசரி 50 எடுத்தவன் ஒரு பேப்பரில் 20 எடுத்தால் பாஸ் போடுவார்களா?

ஆக எங்கள் மிஷினில் பிராசசர் பக்கம் கோளாறு இருப்பது உண்மை. உடனே மாற்றிவிடலாமா? அங்கேதான் பொறுக்கச் சொல்கிறேன்.

முதலில் கேபினெட்டைத் திறந்தோம். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ஃபேன் இறக்கையில் பிசுபிசு என்று அப்பிக்கொள்ளும். பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் இருக்கிற தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்தது. இந்தப் பிராசசர் தாங்கும் உச்ச வெப்பம் 95 டிகிரி. எங்களுடையது கேம் நேரத்தில் 91-ஐத் தொட்டது. அந்த மாதிரி சூட்டில் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 150 ரூபாய் பேஸ்ட், ஒரு பெயிண்ட் பிரஷ், அரை மணி நேர வேலை. 74-க்கு இறங்கியது. (ஏ.எம்.4 பிராசசரைக் கழற்றும்போது ஹீட் சிங்கைத் திருகித் திருகி எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். இன்டெல்லில் கால்கள் போர்டில் இருக்கும், இதில் பிராசசரிலேயே இருக்கின்றன.) 38-க்கு விழுந்த பிரேம் 45-க்கு வந்தது.

அடுத்தது ரேம். ஒரே ஸ்டிக் போட்டால் மெமரிக்கும் பிராசசருக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதைதான். இரண்டு ஸ்டிக் என்றால் பாதை இரண்டு. ரைசன் பிராசசர்களில் உள்ளே இருக்கும் இணைப்பின் வேகமும் மெமரி வேகத்தோடு சேர்ந்தே ஓடுவது, அதனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பிராசசர் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் ரேம் விலை? 2025 கடைசியில் ஏற ஆரம்பித்த விலை நம் தலைக்கு மேல் போய்விட்டது. ஏன் என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உலகத்துக்கே மெமரி சிப் செய்வது முக்கியமாக மூன்று கம்பெனிகள். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் அவர்கள் சரக்கை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்று வந்த குரூசியல் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. அமெரிக்காவில் யாரோ ரோபோவிடம் கவிதை எழுதச் சொல்கிறார், செய்யூர்க்காரன் ரேம் வாங்க முடியவில்லை!

இதனால்தான் "மொத்த செட்டையும் மாத்து" என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. புது ஏ.எம்.டி. என்றால் ஏ.எம்.5 சாக்கெட். 2022-ல் வந்தது. அதற்குப் புது போர்டு வேண்டும், டி.டி.ஆர்.5 ரேம் மட்டும்தான் பொருந்தும். நம்முடைய டி.டி.ஆர்.4 ஸ்டிக் அதில் ஏறாது. பிராசசர் விலை என்று நினைத்துப் போனவன் மூன்று பொருளுக்குப் பணம் கட்டிவிட்டு வருவான். ஒரு கடையில் நாங்கள் "ஏ320 போர்டுக்கு ரைசன் 5 5600 போடலாமா?" என்று கேட்டோம். "அதெல்லாம் பழசு தம்பி, ஏறாது, புது செட்டுதான்" என்று ஒரே போடாகப் போட்டார்கள். உண்மை என்ன? 2016-ல் வந்த ஏ.எம்.4 சாக்கெட்டில், பழைய 300 வரிசை போர்டுகளுக்கும் 5000 வரிசை பிராசசர் ஓட 2022-ல் ஏ.எம்.டி.யே வழி செய்து கொடுத்தது. போர்டு கம்பெனியின் பக்கத்தில் நம் மாடல் பெயரைப் போட்டு, எந்தெந்தப் பிராசசருக்கு எந்த பயாஸ் என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும். எங்கள் போர்டின் பட்டியலில் 5600 இருக்கிறது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட்ஸ். பழைய 1200-உம் அதே 65 வாட்ஸ்தான், ஆகவே எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டியதில்லை. இதே போர்டில் 105 வாட்ஸ் 5800எக்ஸ் போடச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் வேண்டாம். மலிவான ஏ320 போர்டின் மின் பகுதி அவ்வளவு கரன்ட் தர வடிவமைத்தது அல்ல. நாம் இ.இ.இ. படிக்கிறோம், இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி!

இன்டெல் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இந்தக் கொடுப்பினை குறைவு. 2015-ல் வந்த 1151 சாக்கெட், 2017-ல் எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 கால்தான். ஆனால் பழைய போர்டில் புதுசு ஓடாது. பிறகு 2020-ல் 1200, 2021-ல் 1700, 2024-ல் 1851. செகண்ட் ஹேண்டில் 13, 14-ஆம் தலைமுறை பெரிய பிராசசர் மலிவாகக் கிடைத்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அதிக வோல்டேஜால் அவை கெட்டுப்போவதை 2024-ல் இன்டெல்லே ஒத்துக்கொண்டு, வாரன்டியை இரண்டு வருஷம் கூட்டிக் கொடுத்தது. லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அநேகமாக எல்லாவற்றிலும் இப்போது பிராசசரைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள்.

பயாஸ் விஷயத்தில் மட்டும் பயம் வேண்டும். புது பிராசசரைப் போடுவதற்கு முன், பழையது இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட வேண்டும். அந்த மூன்று நாலு நிமிஷத்தில் கரன்ட் போனால் போர்டு செங்கல்தான். எங்கள் ஊருக்கு 4000 மெகாவாட் அனல் மின் நிலையம் வரப்போகிறது என்று பல வருஷம் பேசினார்கள், எதிர்ப்பு எழுந்தது, கடைசியில் வரவே இல்லை. வந்திருந்தாலும் சாயங்காலம் கரன்ட் போவது போயிருக்குமா என்பது வேறு விஷயம்! யு.பி.எஸ். உள்ள இடத்தில் வைத்துச் செய்யுங்கள். சில போர்டுகளில் புது பயாஸ் ஏற்றினால் பழைய பிராசசர்கள் சிலவற்றைக் கைவிட்டுவிடும். திரும்பிப் போக வழி இருக்காது. பட்டியலில் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்ற வேண்டும் என்று நான் சொல்வதற்கு கேம் மட்டும் காரணம் இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கைவிரித்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு கொடுத்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11-க்கு ஏ.எம்.டி.யில் பொதுவாக ரைசன் 2000 வரிசையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 வேண்டும். எங்கள் 1200 அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஸ்காலர்ஷிப்புக்காக ஆதார் எண்ணும் பேங்க் கணக்கும் அடிக்கிற மிஷினைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. லினக்ஸ் போடலாம், தப்பில்லை. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் வந்த மிஷின்களில் சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெரு அக்கா ஒருத்தர் அதில்தான் டைப் பழகினார். கவுண்டர் ஸ்ட்ரைக் லினக்சிலும் ஓடும். ஆனால் ஆட்டோகேட் ஓடாது, வேலோரன்ட் ஓடாது. அதனால் மூன்றில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

இனி காசு. 5600-க்கு எங்களிடம் சொன்ன விலை 11000. என் அப்பாவுக்கு உப்பளத்தில் ஒரு நாள் கூலி 550. இருபது நாள் வேலை. ஐப்பசி மழை வந்துவிட்டால் உப்பளமே கிடையாது, அப்போது எங்கள் வீட்டில் எல்லாக் கணக்கும் வேறு. அம்மாவிடம் சொன்னேன். "இன்னாடா அது பிராசசரு? இப்ப ஓடுதுல்ல? ஓடுற வரைக்கும் ஓட்டு" என்றார். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அத மாத்துனா அது எத்தினி வருசம் உழைக்கும்?" எந்த ரிவ்யூக்காரனும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் யோசித்துச் சொன்ன பதில், நாலு வருஷம். டிப்ளமோ முடிந்து லேட்ரல் என்ட்ரியில் பி.இ. கிடைத்தால் அந்த மூன்று வருஷமும் இதே மிஷின்தான்.

கரன்ட் பில்லையும் பார்த்தேன். மானிட்டரோடு சேர்த்து 200 வாட்ஸ் என்று வைத்தால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினமும் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். 2016-ல் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்களே, அதில் பாதிக்கு மேல் இது ஒன்றே தின்றுவிடும். பிராசசர் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இந்தச் செலவு இருக்கிறது. ஆடுகிற நேரத்தைக் குறைத்தால்தான் குறையும். மெக்கானிக்கல் நண்பன் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

ஆனால் "கேம் எல்லாம் வீண், நம்ம மாதிரி வீட்டுப் பசங்களுக்கு எதுக்கு" என்று அவன் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். பணக்கார வீட்டுப் பையன் ஆடினால் பொழுதுபோக்கு, நாம் ஆடினால் ஊதாரித்தனமா? இந்த மிஷினைக் கழற்றி மாட்டித்தான் நான் ஹீட் சிங்கையும் வோல்டேஜ் ரெகுலேட்டரையும் கண்ணால் பார்த்தேன். சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்ற பெயரில் பிராசசர் வடிவமைத்து, 2018-ல் அதில் லினக்ஸ் ஓட்டிக் காட்டினார்கள். அது கேம் ஆடுவதற்கான சிப் இல்லைதான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது "சிப்" என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குக் காரணம் பாடப் புத்தகம் மட்டும் இல்லை.

இ.எம்.ஐ. மட்டும் வேண்டவே வேண்டாம். சம்பளம் இல்லாதவன் பெயரில் கடன் கிடைக்காது, அப்பா பெயரில்தான் போடுவார்கள். அவர் கைநாட்டு வைக்கிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லக்கூட வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. ஜி.டி.ஏ. 6 வருகிறது, அதற்காகவாவது புது செட் வேண்டும் என்கிறான் நண்பன். 2025 நவம்பரில் அதைத் தள்ளி வைத்து அறிவித்தபோது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் மட்டும்தான் தேதி சொன்னார்கள். கம்ப்யூட்டருக்குத் தேதியே சொல்லாத கேமுக்கு இன்றைக்கே கடன் வாங்குவானேன்?

ஆகவே என் ஓட்டு இது. பேஸ்ட் போட்டாயிற்று. அடுத்தது ஒரு 8 ஜிபி ஸ்டிக், அதுவும் பழசாக. அதைப் போட்டு மறுபடி அதே புகைக்குண்டு இடத்தில் அளந்து பார்ப்போம். பிறகு பழைய முறைப்படியே ஆளுக்கு 500 சேர்த்து, 2026 அக்டோபருக்குள் இதே போர்டில் 5600. கையில் இருக்கும் 1200-ஐ விற்றால் வருகிற காசு பயாஸ் வேலைக்கும் ரிச்சி தெரு போக வரச் செலவுக்கும் ஆகும். கம்ப்யூட்டர் பிரிவு நண்பன் பாதி மனதோடு தலையாட்டியிருக்கிறான். மெக்கானிக்கல் நண்பன் ஸ்டிக் வரைக்கும் சரி என்கிறான், பிராசசருக்கு இன்னும் பிடி கொடுக்கவில்லை.

யாரிடமாவது 2666 வேகத்தில் டி.டி.ஆர்.4 டெஸ்க்டாப் ஸ்டிக் சும்மா கிடந்தால் மூன்றாமாண்டு இ.இ.இ. வகுப்புக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டு வாருங்கள். இலவசமாக வேண்டாம், விலை பேசிக்கொள்ளலாம். லேப்டாப் ரேம் சின்னதாக இருக்கும், அதைக் கொண்டு வந்து ஏமாற வேண்டாம்.